சூடு கண்ட பூனையும் வெல்டிங் கூடமும்

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள். பூனை அவ்வளவு சீக்கிரம் பாடம் படித்துவிட்டதற்குக் காரணம், தொட்ட அதே நொடியில் சுட்டதுதான். முற்பகல் பத்து மணிக்கு அடுப்பைத் தொட்டு, நள்ளிரவு ஒரு மணிக்குச் சுட்டிருந்தால் மறுநாளும் அது அடுப்பங்கரைக்கே வந்திருக்கும். எது சுட்டது என்றே அதற்குத் தெரிந்திருக்காது.

ஐ.டி.ஐ. வெல்டர் பிரிவில் புதிதாகச் சேரும் மாணவரின் நிலை ஏறக்குறைய இதுதான். எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் போதும், 14 வயது நிரம்பியிருந்தால் சேரலாம், ஓராண்டில் முடியும் படிப்பு. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே கையில் வெல்டிங் ராடும் அதைப் பிடிக்கும் ஹோல்டரும் வந்துவிடும். அந்தக் கூடத்தில் இருக்கும் ஆபத்துகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, தாமதமாக வருவது: கண்ணில் பட்டது இரவில் தெரியும், நுரையீரலுக்குள் போனது இருபது வருடம் கழித்துத் தெரியும். மற்றது, ஒரே ஒரு முறை வருவது: சிலிண்டர் வெடிப்பு, மின்தாக்கு, சுழலும் எந்திரத்தில் சிக்கும் தலைமுடி. அதில் பாடம் படித்துக்கொள்ள ஆளே மிஞ்சாமல் போகலாம். ‘பட்டால்தான் புத்தி வரும்’ என்ற பேச்சு இந்த இரண்டு வகைக்குமே உதவாது. அனுபவம் சொல்லித் தராததை விதிகள்தான் சொல்லித் தர வேண்டும். விதியை மனப்பாடம் செய்தால் மறந்துபோகும். அதன் பின்னால் இருக்கும் இயற்பியலும் வேதியியலும் புரிந்தால் நிற்கும்.

நள்ளிரவில் வரும் கண்வலி

பத்து கேஜ் ராடு ஒன்றை இரும்புத் தகட்டில் உரசி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூக்கிப் பிடித்தால் மின்வில் பிறக்கிறது. அந்தச் சிறு இடைவெளியில் 20 முதல் 30 வோல்ட் அழுத்தத்தில் 100 ஆம்பியர் வாக்கில் மின்னோட்டம் பாய்கிறது. வில்லின் வெப்பம் சூரியனின் மேற்பரப்போடு, அதாவது சுமார் 5,500 டிகிரி செல்சியஸோடு, போட்டி போடும். அவ்வளவு சூடான பொருள் கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு அகச்சிவப்புக் கதிர்களையும் புற ஊதாக் கதிர்களையும் சேர்த்தே வீசும்.

சூரியனும் இவற்றை வீசுகிறது. ஆனால் புற ஊதாக் கதிர்களில் மிகக் கொடிய ‘சி’ வகையை வளிமண்டலத்தின் ஓசோன் படலம் தடுத்துவிடுகிறது. அது தரைக்கு வந்து சேர்வதில்லை. வெல்டரின் முகத்துக்கும் மின்வில்லுக்கும் நடுவே இருப்பது ஒரு முழம் காற்று மட்டும்தான்.

கண் தானத்தில் எடுத்துப் பொருத்துகிறார்களே, அந்தக் கார்னியா என்னும் விழிப்படலம்தான் இந்தக் கதிரை முதலில் வாங்குகிறது. அதன் மேலடுக்குச் செல்கள் கதிரை உறிஞ்சி உள்ளுக்குள் சேதமடைகின்றன. ஆனால் உடனே சாவதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில்தான் அவை செத்து உதிர்கின்றன. உதிர்ந்ததும் அடியிலுள்ள நரம்பு முனைகள் வெளியே தெரிய ஆரம்பிக்கின்றன. உடலில் நரம்பு முனைகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் கார்னியாவும் ஒன்று. எனவே காலை வகுப்பில் வில்லைப் பார்த்த பையன் மாலையில் கிரிக்கெட் ஆடுகிறான், சாப்பிட்டுத் தூங்குகிறான், நடுராத்திரி அலறிக்கொண்டு எழுகிறான். “கண்ணுல மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு” என்பதுதான் வழக்கமாக வரும் முதல் வாக்கியம். கண்ணைத் திறக்க முடியாது, வெளிச்சம் தாங்காது, நீர் கொட்டும்.

அந்த நேரத்தில் வீட்டில் நடக்கும் வைத்தியம் தனிக் கதை. உருளைக்கிழங்கை வெட்டி வைப்பார்கள், தாய்ப்பால் விடுவார்கள், பன்னீர் விடுவார்கள். மேல்தோல் உரிந்த கார்னியா கிருமிகளுக்குத் திறந்த கதவு; அதில் சுத்தமில்லாத எதை விட்டாலும் புண் வரலாம். இன்னும் ஆபத்தானது, கண்ணை மரக்கச்செய்யும் சொட்டு மருந்தை மெடிக்கலில் வாங்கி வைத்துக்கொண்டு வலிக்கும்போதெல்லாம் விடுவது. வலி நிற்கும், ஆனால் புதுச் செல் வளர்வதும் நின்றுபோகும்; இது பார்வைக்கே உலை வைக்கும். இருட்டறையில் ஓய்வு, குளிர்ந்த சுத்தமான துணி ஒத்தடம், கண் மருத்துவர் தரும் மருந்து, இவ்வளவுதான் தேவை. மேலடுக்குச் செல்கள் வேகமாக வளர்பவை. ஒன்றிரண்டு நாளில் பெரும்பாலும் சரியாகிவிடும். இப்படிச் சரியாகிவிடுவதாலேயே பலர் இதைத் ‘தொழிலில் சகஜம்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். அகச்சிவப்புக் கதிர் கண்வில்லையில் வளர்க்கும் புரையும், கண்கூசும் நீல ஒளி விழித்திரையில் செய்யும் சேதமும் அப்படித் தானாகச் சரியாவதில்லை.

புதியவர்களுக்குக் கண்ணில் ‘அடிப்பது’ பெரும்பாலும் வெல்டு ஓட்டும்போது அல்ல. ராடு தகட்டில் ஒட்டிக்கொள்ளும்போது. ஒட்டியதும் வில் அணைந்துவிடுகிறது, இருட்டாகிறது, பையன் பதறிப்போய் முகக் கவசமான ஷீல்டை மேலே தூக்கி, ஹோல்டரை இரண்டு கையாலும் பிடித்து இழுக்கிறான். ராடு விடுபடும் அந்தக் கணத்தில் முகத்துக்கு நேரே மறுபடியும் வில் வெடிக்கிறது. ஷீல்டு அப்போது நெற்றிக்கு மேலே இருக்கிறது. ஷீல்டை இறக்கி வைத்தபடியே மணிக்கட்டைப் பக்கவாட்டில் முறுக்கி ராடை விடுவிக்க வேண்டும். வரவில்லையென்றால் மெஷினை அணைத்துவிட்டு எடுக்க வேண்டும். ராடு ஒட்டினால் என்ன செய்வது என்பதை, ராடு ஒட்டும் முன்பே சொல்லித்தரும் ஆசிரியர் பல கண்களைக் காப்பாற்றுகிறார்.

ஷீல்டில் உள்ள கறுப்புக் கண்ணாடியின் மேல் ஓர் எண் இருக்கும். அது வெறும் தர எண் என்று நினைக்க வேண்டாம். அதில் ஒரு கணக்கு இருக்கிறது. எண் மூன்று படி ஏறினால் உள்ளே வரும் ஒளி சுமார் இருபதில் ஒரு பங்காகக் குறையும். கேஸ் வெல்டிங்குக்குப் போடும் 5-ஆம் எண் கண்ணாடி, விழும் ஒளியில் ஐம்பதில் ஒரு பங்கை விடுகிறது. ஆர்க் வெல்டிங்குக்கு, 100 ஆம்பியர் வாக்கில், 10-ஆம் எண் வேண்டும். அது விடுவது சுமார் 7,200-ல் ஒரு பங்கு. 11-ஆம் எண் 19,000-ல் ஒரு பங்கு. கேஸ் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆர்க் அடிப்பவர், தேவையானதைப் போல நூறு மடங்குக்கு மேல் ஒளியைக் கண்ணுக்குள் விடுகிறார். தெருவோரப் பட்டறைகளில் போடும் கூலிங் கிளாஸ் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது இருட்டைக் காட்டிக் கண்மணியை விரியவைக்கிறது. கண்ணாடிக்குப் புற ஊதாவைத் தடுக்கும் திறனும் இல்லாவிட்டால், விரிந்த வாசல் வழியாக இன்னும் அதிகமாகவே கதிர் உள்ளே போகிறது.

வெல்டரைவிட அதிகம் மாட்டிக்கொள்பவர் பக்கத்தில் நிற்பவர். தகட்டைப் பிடித்துக் கொடுக்கும் ஹெல்பர், தன் முறைக்காகக் காத்திருக்கும் மாணவன், வேடிக்கை பார்ப்பவன், இவர்கள் முகத்தில் ஷீல்டு இல்லை. தூரம் இரண்டு மடங்கானால் கதிரின் வலிமை கால் பங்காகும் என்பது இயற்பியல் விதி. ஆனால் பளபளப்பான சுவரும் தகரக் கூரையும் கதிரைத் திருப்பியடித்து அந்த ஆதாயத்தைக் கெடுத்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு வெல்டிங் தடுப்புக்கும் திரை, சுவருக்கு மினுமினுப்பில்லாத பூச்சு. இன்னொரு மலிவான பாதுகாப்பும் உண்டு. பாலிகார்பனேட்டில் செய்த வெள்ளைப் பாதுகாப்புக் கண்ணாடி, நிறமே இல்லாவிட்டாலும், புற ஊதாவை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். வில்லை நேராகப் பார்க்க அது போதாது. கூடத்துக்குள் நடமாடும் எல்லோரும் அதை மாட்டியிருந்தால், பக்கவாட்டில் வரும் கதிருக்கும், வெல்டின் மேல் படியும் கசடான ஸ்லாக்கைத் தட்டும்போது தெறிக்கும் சில்லுக்கும் சேர்த்து ஒரே காவல். வெல்டு முடிந்ததும் ஷீல்டைத் தூக்கிவிட்டு சிப்பிங் ஹாமரால் தட்டுகிறோம். செந்தணல் நிறத்திலுள்ள ஸ்லாக் துண்டு அப்போதுதான் கண்ணைத் தேடி வருகிறது.

புகை போகும் வழி

வெல்டிங் புகை என்பது ஆவியான உலோகம் காற்றில் குளிர்ந்து உறைந்த தூசி. அதன் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்தவை. மூக்கு முடியும் தொண்டைச் சளியும் பெரிய தூசியைப் பிடித்துவிடும். இவ்வளவு சிறியது எதிலும் சிக்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்ச் சேரும்.

எந்த உலோகம் என்பதைப் பொறுத்து விளைவு மாறும். ஜி.ஐ. பைப்பை எடுத்துக்கொள்வோம். இரும்பின் மேலுள்ள துத்தநாகப் பூச்சு 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிறது. இரும்பு உருகவே 1,538 டிகிரி வேண்டும். ஆக, ஜி.ஐ. பைப்பில் இரும்பு உருகும் முன்பே துத்தநாகம் முழுதும் ஆவியாகி, வெள்ளைப் புகையாக முகத்தில் வந்து மோதும். மாலையில் வாயில் உலோகச் சுவை; இரவில் குளிர் நடுக்கம், காய்ச்சல், உடம்பு வலி. ஃப்ளூ என்று மாத்திரை போட்டுத் தூங்குவார்கள். மறுநாள் அல்லது அதற்கடுத்த நாள் போய்விடும். தினமும் இந்தப் புகையில் இருப்பவருக்கு உடம்பு தற்காலிகமாகப் பழகிக்கொள்ளும். ஞாயிறு விடுமுறையில் அந்தப் பழக்கம் விட்டுப்போய், திங்கட்கிழமை இரவு காய்ச்சல் மறுபடியும் வரும். மேலை நாட்டுத் தொழிலாளர்கள் இதற்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே பெயர் வைத்தார்கள்.

“பால் குடிச்சா புகை இறங்கிடும்” என்று பட்டறைகளில் இன்றும் சொல்வார்கள். வெல்லம், வாழைப்பழம் தரும் இடங்களும் உண்டு. பால் நல்ல உணவுதான். ஆனால் அது போவது இரைப்பைக்கு. புகை போனது நுரையீரலுக்கு. இரண்டுக்கும் பாதை வேறு. பால் வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று புகை உறிஞ்சி வாங்காமல் விடுவதுதான் இந்த நம்பிக்கையால் வரும் உண்மையான கேடு.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வேறு பிரச்சினை: அதிலுள்ள குரோமியம் புகையில் ஆறிணைதிறன் குரோமியமாக மாறுகிறது, அது புற்றுநோய் தரும் பொருள். சாதாரண இரும்பிலும் ராடிலும் உள்ள மாங்கனீசு, அதிக அளவில் நீண்ட காலம் போனால் நரம்பு மண்டலத்தைத் தாக்கி, பார்க்கின்சன் நோய் போன்ற நடுக்கத்தைக் கொண்டுவரும். பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2017-இல் எல்லா வெல்டிங் புகையையும் ‘மனிதருக்குப் புற்றுநோய் தருபவை’ என்ற முதல் பிரிவில் சேர்த்தது. வெல்டிங்கில் வரும் புற ஊதாக் கதிரும் அதே பிரிவில்தான். இந்தப் பிரிவு சொல்வது சான்று எவ்வளவு உறுதி என்பதை. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல. ஆனாலும் அதன் பிறகு ‘சாதா இரும்புப் புகைதானே’ என்று தள்ளிவிட முடியாமல் போயிற்று. 2019 பிப்ரவரியில் பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு, கூரைக்கடியில் செய்யும் வெல்டிங் எவ்வளவு குறைந்த நேரமானாலும் புகையைப் பிறக்கும் இடத்திலேயே உறிஞ்ச வேண்டும் என்று விதியை இறுக்கியது.

பள்ளிக் கூடத்தில் இதற்கு முதல் மருந்து, நிற்கும் நிலை. புகை நேராக மேலே எழும். மாணவர் வெல்டை நன்றாகப் பார்க்கவேண்டுமென்று குனிந்து, தலையை அந்தத் தூணுக்குள்ளேயே நீட்டுகிறார். தகட்டைக் கொஞ்சம் உயர்த்தி வைத்து, தலையைப் பக்கவாட்டில் வைத்தாலே மூச்சுக்குள் போகும் புகை கணிசமாகக் குறையும். இரண்டாவது, வெல்டுக்கு அருகே வாய் வைத்த உறிஞ்சுகுழாய். தலைக்கு மேலே உயரத்தில் இருக்கும் எக்சாஸ்ட் ஃபேன் புகையை மூக்கைத் தாண்டித்தான் இழுத்துச் செல்லும். மூன்றாவது, எதை வெல்டு செய்கிறோம் என்பது. பயிற்சிக்கு ஜி.ஐ. வேண்டாம், பெயிண்ட் அடித்த தகடும் வேண்டாம், குளோரின் கலந்த கரைப்பானால் கழுவிய பாகம் வேண்டவே வேண்டாம். அந்தக் கரைப்பானின் ஆவி வில்லின் வெப்பத்திலும் புற ஊதாவிலும் சிதைந்து பாஸ்ஜீன் ஆகலாம். முதல் உலகப் போரில் படைவீரர்களைக் கொல்லப் பயன்பட்ட வாயு அது.

80 வோல்ட் என்ன செய்யும்?

வில் எரியும்போது இருப்பது 20, 30 வோல்ட். எரியாதபோது, மெஷின் ஓடிக்கொண்டு ஹோல்டர் சும்மா இருக்கும்போது, முனையில் 60 முதல் 80 வோல்ட் காத்திருக்கும். ‘வீட்டுக் கரண்டு 230, இது 80 தானே’ என்ற அலட்சியம் இங்கேதான் பிறக்கிறது.

உடம்பின் மின்தடை ஒரே அளவாக இருப்பதில்லை. உலர்ந்த தோலுக்குப் பல பத்தாயிரம் ஓம் வரை இருக்கும். வியர்வையில் ஊறிய தோலில் அது 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 80 வோல்ட்டை 1,000 ஓமால் வகுத்தால் 80 மில்லி ஆம்பியர். பத்து, இருபது மில்லி ஆம்பியரிலேயே கைத்தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகும். 50-லிருந்து 100-க்குள் மார்பு வழியாகப் பாய்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடலாம். வெல்டு உருக 100 ஆம்பியர் வேண்டும். இதயத்தைக் குலைக்க அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும்.

இப்போது சித்திரை வெயிலில் தகரக் கூரை போட்ட கூடத்தை நினைத்துப் பாருங்கள். கையுறை வியர்வையில் நனைந்திருக்கும், சட்டை முதுகில் ஒட்டியிருக்கும், பையன் இரும்பு மேசை மேல் சாய்ந்துகொண்டு வெறுங்கையால் ராடை மாற்றுவான். கணக்கில் சொன்ன 1,000 ஓம் அவன்தான். ஆகவே மாற்று உலர் கையுறை என்பது ஆடம்பரம் இல்லை. ஹோல்டரை அக்குளில் இடுக்கக்கூடாது, கேபிளைத் தோளில் சுற்றிக்கொள்ளக்கூடாது, உறை கிழிந்த ஹோல்டரை டேப் சுற்றி ஓட்டக்கூடாது. வில் எரியாத நேரத்தில் முனையின் அழுத்தத்தைத் தானாகவே குறைத்துவிடும் கருவி இப்போது பல மெஷின்களில் உள்ளது. கற்றுக்கொள்பவர் கையில் கொடுக்கும் மெஷினில் அது கட்டாயம் இருக்கவேண்டும்.

சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது?

அசிட்டிலீன் விசித்திரமான வாயு. வெடிக்க அதற்குக் காற்றே தேவையில்லை என்று சொன்னாலும் தப்பில்லை: அழுத்தம் கூடினால் ஆக்சிஜன் இல்லாமலேயே சிதைந்து வெடிக்கும். இரண்டு கார்பன் அணுக்களை இறுக்கிப் பிடித்திருக்கும் மும்மைப் பிணைப்பில் அவ்வளவு ஆற்றல் முடங்கிக் கிடக்கிறது. அதனால் குழாயில் அதன் அழுத்தம் ஒரு பாருக்கு, அதாவது 15 பி.எஸ்.ஐ.க்கு, மேல் போகக்கூடாது என்பது விதி.

அப்படியானால் சிலிண்டரில் அதை எப்படி அடைக்கிறார்கள்? சிலிண்டர் காலி உருளை இல்லை. உள்ளே நுண்துளைப் பொருள் ஒன்று நிரம்பியிருக்கும், அதில் அசிட்டோன் ஊறியிருக்கும், அசிட்டோனில் அசிட்டிலீன் கரைந்திருக்கும். நுண்துளைகளுக்குள் வெடிப்பு பரவ இடம் கிடைக்காது. இந்த நுண்துளைப் பொருளைச் செம்மைப்படுத்தியவர் சுவீடனின் குஸ்தாஃப் தாலேன். கடலோரக் கலங்கரை விளக்குகளை அசிட்டிலீனில் தானாக எரியவைத்ததற்காக 1912-இல் இயற்பியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டில், அசிட்டிலீன் சிலிண்டர்களைச் சோதிக்கும்போது ஏற்பட்ட வெடிப்பில் அவர் இரண்டு கண்களையும் இழந்தார். ஸ்டாக்ஹோம் விழாவுக்கு அவர் போகமுடியவில்லை. கண் மருத்துவரான சகோதரர் போனார். இந்த வாயுவை உலகில் யாரையும்விட நன்றாக அறிந்தவருக்கே நேர்ந்தது இது.

அசிட்டிலீன் சிலிண்டரை நிறுத்தியே வைக்க வேண்டும், படுக்கவைக்கக்கூடாது என்று சொல்வதன் காரணம் இப்போது விளங்கும்: படுத்தால் அசிட்டோன் வால்வு வழியாக வெளியே வந்துவிடும். அசிட்டிலீனுக்குச் செம்புக் குழாய் ஆகாது என்பதற்கும் வேதியியல்தான் காரணம்: இரண்டும் சேர்ந்தால் தட்டினாலே வெடிக்கும் உப்பு ஒன்று உண்டாகும்.

ஆக்சிஜன் தானாக எரியாது, மற்றதை எரியவைக்கும். 150 பார் அழுத்தத்தில், கார் டயரில் இருப்பதைப் போல சுமார் 70 மடங்கில், அது சிலிண்டரில் இருக்கிறது. அந்த அழுத்தத்தில் வெளியேறும் ஆக்சிஜன் எண்ணெய்ப் பசையைச் சந்தித்தால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். நம் ஊரில் இதைத் தனியாகச் சொல்லவேண்டும்: தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு ரெகுலேட்டரைத் தொடக்கூடாது, வால்வு இறுக்கமாக இருக்கிறதென்று கிரீஸ் போடக்கூடாது. புழுக்கத்துக்கு ஆக்சிஜன் ஹோஸை சட்டைக்குள் விட்டுக் காற்று வாங்குவது, உடையின் தூசியை அதனால் ஊதுவது, இரண்டும் துணியைத் திரியாக்கும் வேலை. ஆக்சிஜன் ஊறிய துணியில் ஒரு பொறி விழுந்தால் அணைக்க நேரமிருக்காது.

கேஸ் செட்டை வடிவமைத்தவர்கள் மனிதர்களின் ஞாபகத்தை நம்பவில்லை. ஆக்சிஜன் சிலிண்டர் கறுப்பு, அசிட்டிலீன் அரக்குச் சிவப்பு. ஹோஸ் நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று. நிறத்தைக் கவனிக்காதவருக்கும் ஓர் ஏற்பாடு: ஆக்சிஜன் இணைப்பு வலப்பக்க மரை, அசிட்டிலீன் இடப்பக்க மரை. மாற்றிப் போட நினைத்தாலும் பொருந்தாது. நெருப்பு ஹோஸுக்குள் திரும்பி ஓடினால் வழியில் மறிக்கும் தடுப்பானும் அந்த வகைதான். நல்ல பாதுகாப்பு என்பது, கவனம் தப்பினாலும் விபத்து நடக்க முடியாமல் செய்வது.

இலவம் பஞ்சில் விழுந்த பொறி

1942 பிப்ரவரி 9. நியூயார்க் துறைமுகத்தில், உலகின் மிக ஆடம்பரமான பயணிகள் கப்பல்களில் ஒன்றான நார்மண்டி, போர்ப்படைக் கப்பலாக மாற்றப்பட்டுக்கொண்டிருந்தது. ஒரு கூடத்தில் இரும்புத் தூணை கேஸ் டார்ச்சால் அறுத்தார்கள். பக்கத்தில் உயிர்காப்பு மிதவைகள் குவிந்திருந்தன. அவற்றில் அடைத்திருந்தது, நம் வீட்டுத் தலையணையில் இருக்கும் அதே இலவம் பஞ்சு. பொறி விழுந்து, தீ பரவி, அணைக்க ஊற்றிய தண்ணீரின் எடையில் சாய்ந்து, மறுநாள் விடியுமுன் கப்பல் கரையோரத்திலேயே கவிழ்ந்தது.

வெல்டிங், கட்டிங் பொறிகள் 35 அடி வரை போகும் என்று வைத்துக்கொண்டு அந்த வட்டத்துக்குள் எரியக்கூடிய எதையும் அகற்றுவது உலகளவில் ஏற்கப்பட்ட நடைமுறை. பொறி உடனே தீயாவதும் இல்லை. மூலையில் கிடக்கும் கழிவுப் பஞ்சில் புகைந்துகொண்டிருந்து, கூடத்தைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் போன பிறகு பற்றும். எனவே வேலை முடிந்த பின் குறைந்தது அரை மணி நேரம் ஒருவர் இருந்து பார்க்கவேண்டும். அமெரிக்கத் தீத்தடுப்பு விதியில் 2019-இல் இதை ஒரு மணி நேரமாக்கிவிட்டார்கள்.

‘காலி டிரம்’ பற்றியும் சொல்லியாக வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் வெடிக்கும். டிரம்மில் கடைசியாகத் தங்கிய சொட்டுகள் ஆவியாகிக் காற்றோடு கலந்து, சரியாக இந்த அளவைத் தொட்டுவிடும். காலி என்று நாம் சொல்லும் டிரம் உள்ளே வெடிமருந்து. பள்ளியில் இதற்கு விலக்கில்லாத விதி ஒன்றே: மூடிய கலம் எதையும் மாணவர் வெல்டு செய்யக்கூடாது.

உடையிலும் இதே கணக்குதான். டெரிகாட்டன் சட்டை பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கெட்டிப் பருத்தி கருகும், ஒட்டாது. பேன்ட் விளிம்பை மடித்துவிட்டால் அது பொறி பிடிக்கும் பை. சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம்; பற்பசை, பேனா மை, இட்லி மாவு எதுவும் வேண்டாம்.

சுற்றுவதற்குக் கண் கிடையாது

நாலு இஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். அதன் விளிம்பின் வேகத்தைக் கணக்குப் போட்டால் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். வீல் உடைந்தால் துண்டு அந்த வேகத்தில்தான் வரும். கையில் பிடிக்க வசதியாக இல்லை என்று கார்டைக் கழற்றி வைப்பவர், அந்தத் துண்டுக்கும் தன் முகத்துக்கும் நடுவே இருந்த ஒரே தகட்டைக் கழற்றுகிறார். கட்டிங் வீல் மெலிதானது. பக்கவாட்டில் அழுத்தித் தேய்க்கச் செய்ததல்ல. பிசினால் பிணைத்த அந்த வீலுக்கு ஆயுளும் உண்டு. நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதித் தேதி அச்சிட்டிருப்பார்கள். பலர் அதைப் பார்த்ததே இல்லை.

வெல்டிங்கில் கையுறை கட்டாயம். டிரில்லிங் மெஷினில் கையுறை கூடவே கூடாது. பொறி சுடும், அதற்குத் தோல் உறை வேண்டும். சுழலும் தண்டு இழுக்கும். அதற்குக் கையுறை, துப்பட்டா, பின்னல், கையில் கட்டிய கயிறு எல்லாமே பிடி. ஐ.டி.ஐ.க்களில் மாணவிகளும் படிக்கிறார்கள். பின்னலைச் சுருட்டித் தொப்பிக்குள் செருகுவது ஒழுங்கு பற்றிய விஷயமல்ல, உயிர் பற்றியது. 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், இறுதியாண்டு இயற்பியல் மாணவி ஒருவர் இரவில் இயந்திரக்கூடத்தில் தனியாக வேலை செய்துகொண்டிருந்தார். லேத்தில் தலைமுடி சிக்கி இறந்துபோனார். திறமை குறைந்தவர் அல்ல. நிறுத்து பொத்தானை அழுத்தப் பக்கத்தில் ஆள் இல்லை. அதன் பிறகு அங்கே மாணவர்கள் இயந்திரக்கூடத்தைப் பயன்படுத்த நேரக் கட்டுப்பாடும் கண்காணிப்பும் வந்தன.

கடைசியில் வரவேண்டியது கவசம்

பாதுகாப்பு என்றாலே ஹெல்மெட், கையுறை, பூட்ஸ் என்று பட்டியல் போடுகிறோம். பொறியாளர்கள் போடும் வரிசையில் இவை கடைசி. முதலில், ஆபத்தையே இல்லாமல் செய்ய முடியுமா? ஜி.ஐ. பைப்பைத் தவிர்ப்பது அது. இரண்டாவது, குறைந்த ஆபத்துள்ளதாக மாற்ற முடியுமா? மூன்றாவது, எந்திரத்திலேயே தடுக்க முடியுமா? திரை, உறிஞ்சுகுழாய், கார்டு, இடப்பக்க மரை எல்லாம் இந்த இடத்தில். நாலாவது, நடைமுறை: தனியாக வேலை செய்யாதே, அரை மணி நேரம் காத்திரு. இவ்வளவுக்கும் மிஞ்சி வருவதைத் தடுக்கவே கவசம். மேலே உள்ளவை நிறுவனத்தின் செலவு, கீழே உள்ளது மாணவரின் கடமை என்பதால்தானோ என்னவோ, நம் சுவரொட்டிகள் எல்லாம் கீழேயிருந்தே ஆரம்பிக்கின்றன.

கூடத்தில் இன்னொன்றும் வேண்டும். நடக்க இருந்து நடக்காமல் போன விபத்துகளைப் பேச ஓர் இடம். ஹோல்டர் லேசாக ‘ஷாக் அடித்தது’, வீலில் கீறல் இருந்தது, ஹோஸில் கேஸ் வாடை வந்தது, இவற்றைச் சொன்ன பையனைத் திட்டினால் அடுத்த முறை சொல்லமாட்டான். சொன்னதற்குப் பாராட்டி, கரும்பலகையில் எழுதி, எல்லோருக்கும் விளக்கினால், ஒருவனுக்கு நேர இருந்தது முப்பது பேருக்குப் பாடம் ஆகும். அனுபவத்தை இப்படித்தான் காயமில்லாமல் சம்பாதிக்க முடியும்.

திருச்சியில் பி.எச்.இ.எல். 1975-இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தையே நிறுவியது. அதன் பாய்லர் ஆலையில் நல்ல கவசமும் கண்காணிப்பும் கிடைக்கும். ஆனால் ஐ.டி.ஐ. முடிக்கும் எல்லோரும் அங்கே போவதில்லை. பலர் போவது கிரில் கேட் செய்யும் சின்னப் பட்டறைக்கு. அங்கே முதல் நாளே முதலாளி, “அதெல்லாம் எதுக்குப்பா, சட்டுனு முடி” என்பார். அப்போது விதிப் புத்தகம் துணைக்கு வராது. மரியாதையாகவும் உறுதியாகவும் சொல்ல ஒரு பதில் வேண்டும், அதைச் சொல்லும் பழக்கத்தையும், அப்படிச் சொல்வது பயந்தாங்கொள்ளித்தனம் அல்ல என்ற தெளிவையும் பள்ளிக்கூடமே கொடுத்து அனுப்பவேண்டும்: “ரெண்டே நிமிஷம்ணே, கார்டை மாட்டிட்டு ஆரம்பிக்கிறேன்.”